மீட்டெடுக்க எத்தனை மணி நேரம்?

கணக்கு, சரக்கு, வாடிக்கையாளர் விவரம் என்று தன் உயிர்நாடியெல்லாம் அடங்கிய தரவுத்தளத்தை கிளவுடுக்குக் கொண்டுபோக ஒரு நிறுவனம் முடிவெடுத்ததும் முதலில் தயாராவது ஓர் எக்செல் தாள். ஒரு பத்தியில் அமேசான் ஆர்டிஎஸ், அடுத்ததில் கூகுள் கிளவுட் எஸ்க்யூஎல், மூன்றாவதில் மைக்ரோசாஃப்ட் அஷ்யூர். இடப்பக்கம் மேலிருந்து கீழாக விலை, சிபியு, ரேம், பேக்கப், ஃபெயில்ஓவர், என்க்ரிப்ஷன். கட்டத்துக்குக் கட்டம் 'உண்டு' என்று எழுதிக்கொண்டே வந்தால் மூன்று பத்திகளும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கும். கடைசியில், விலை நூறு டாலர் குறைந்தவருக்கோ, ஏற்கெனவே அலுவலக மின்னஞ்சலை யாரிடம் வாங்கியிருக்கிறோமோ அவருக்கோ ஆர்டர் போய்விடும். இப்படிப்பட்ட தாள்களை நிரப்புவதும், பிறர் நிரப்பியதைத் திருத்துவதும்தான் என் தொழில். அதில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு, இந்தத் தாளைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது. அவர்கள் செய்து தருவதை ஒப்பிட்டுப் பெரிய பயனில்லை, ஏனென்றால் எல்லோரும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறார்கள். செய்யாமல் நம் தலையில் விட்டுவைப்பது எது, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. பணமும் அங்கேதான் போகிறது.

ஆர்டிஎஸ் 2009 அக்டோபரில் மைஎஸ்க்யூஎல்லோடு வந்தது. அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் அஷ்யூர், 2011இல் கூகுளின் கிளவுட் எஸ்க்யூஎல். அதற்கு முன்பு வட்டு வாங்குவது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏற்றுவது, பேட்ச் போடுவது, நள்ளிரவு பேக்கப்புக்கு ஸ்கிரிப்ட் எழுதி கிரானில் மாட்டுவது எல்லாம் டிபிஏ என்ற தரவுத்தள நிர்வாகியின் அன்றாட வேலை. இந்தச் சேவைகள் அந்த வேலையைத்தான் வாங்கிக்கொண்டன. அதற்குப் பதிலாக நாம் விட்டுக்கொடுத்ததும் உண்டு. மூன்றிலுமே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் முழு சூப்பர்யூசர் உரிமை நமக்குக் கிடையாது. பெயர் மாற்றிய, அதிகாரம் குறைத்த ஒரு கணக்கைத் தருவார்கள். எந்த எக்ஸ்டென்ஷனைப் போடலாம் என்பதற்கும் அவர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்பது மாதிரி. பெரும்பாலான நிறுவனங்களுக்கு இது தடையே இல்லை. ஆனால் பழைய சர்வரில் யாரோ எப்போதோ போட்டுவைத்த ஒரு எக்ஸ்டென்ஷனை நம்பி ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால், மாறும் வாரத்தில்தான் அது தெரியவரும்.

பேக்கப்பை எடுத்துக்கொள்வோம். மூன்று சேவைகளும் தினமும் தாமே பேக்கப் எடுக்கின்றன. இடையில் நடக்கும் மாற்றங்களின் பதிவுகளையும் சேர்த்து வைப்பதால், நேற்று மாலை 4:10க்குத் தரவு எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்பலாம். ஆர்டிஎஸ்ஸில் பொதுவாகக் கடைசி 5 நிமிடம் வரை நெருங்க முடியும். தாளில் இதற்கு ஒரே ஒரு 'உண்டு'. நடைமுறையில் நடப்பது வேறு. எந்த வரிசைகளை அழிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுத மறந்து ஒருவர் டெலீட் கட்டளையை ஓட்டிவிட்டார் என்று வையுங்கள். 4:10க்குத் திரும்பச் சொன்னால் பழைய சர்வர் பின்னோக்கிப் போகாது. பக்கத்தில் புதிதாக ஒரு சர்வர் முளைக்கும், வேறு முகவரியோடு. மூன்றிலும் அப்படித்தான். அந்த முகவரியை அப்ளிகேஷனில் மாற்றுவது, ஃபயர்வால் விதிகளும் மற்ற அமைப்புகளும் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது எல்லாம் நம் வேலை. ஆர்டிஎஸ்ஸில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுந்த சர்வர் 'தயார்' என்று பச்சை காட்டும்போது தரவு முழுவதும் வட்டுக்கு வந்திருக்காது. எந்தப் பகுதியைத் தொடுகிறோமோ அது அப்போதுதான் பின்னாலுள்ள எஸ்3 கிடங்கிலிருந்து இறங்கும். வழக்கமாக நொடியில் வரும் அறிக்கை நிமிடக்கணக்கில் நிற்கும். பார்ப்பவர்கள் ரீஸ்டோரே பழுது என்று நினைத்து இன்னொன்றைத் தொடங்குவார்கள். இதையெல்லாம் தாண்டினால் உண்மையான சிக்கல் வரும். 4:10க்குப் பிறகு வந்த ஆர்டர்கள் பழைய சர்வரில், அழிந்துபோன வரிசைகள் புதிய சர்வரில். இரண்டையும் தைத்து ஒன்றாக்க எந்த கிளவுடிலும் பொத்தான் கிடையாது. அதை உங்கள் தரவின் அர்த்தம் தெரிந்தவர்தான் செய்ய முடியும்.

இதே பேக்கப்புக்கு இன்னொரு எல்லையும் உண்டு. ஆர்டிஎஸ்ஸிலும் அஷ்யூரின் போஸ்ட்கிரெஸ்ஸிலும் தானியங்கி பேக்கப் அதிகபட்சம் 35 நாள்தான் நிற்கும். இந்தியக் கம்பெனிகள் சட்டமோ கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. மின்னணு முறையில் கணக்கு வைப்பவர்கள் அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். அதற்கு முன்பு 'அவ்வப்போது' என்றுதான் இருந்தது. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவில்தான் இருக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவு தனி. ஆக 35 நாளுக்கும் 8 ஆண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்புவது சேவை தருபவரின் பொறுப்பல்ல. மாதம் ஒருமுறை முழுத் தரவையும் டம்ப் எடுத்து, வேறொரு கிளவுட் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். அதே கணக்கில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஆர்டிஎஸ்ஸில் ஒரு சர்வரை அழிக்கும்போது, பேக்கப்பைத் தக்கவை என்று தனியாகச் சொல்லாவிட்டால் தானியங்கி பேக்கப்புகளும் கூடவே போய்விடும். நாமாக எடுத்த ஸ்னாப்ஷாட் மட்டும் நிற்கும். கணக்கின் கடவுச்சொல் தவறானவர் கையில் சிக்கினால் அதுவும் நிற்காது.

அடுத்தது ஃபெயில்ஓவர். ஒரே ஊரில் தனித்தனி மின்சாரத்தோடு இயங்கும் இரண்டு டேட்டா சென்டர் வலயங்களில் சர்வரை இரட்டையாக வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று எழுவது. ஆர்டிஎஸ்ஸில் வழக்கமான இரட்டை ஏற்பாட்டில் இதற்கு 60 முதல் 120 நொடிகள் ஆகும் என்று அவர்களே சொல்கிறார்கள். மற்ற இரண்டும் ஏறத்தாழ அந்த அளவில்தான். வலயங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அஷ்யூரின் புனே ரீஜனில் உண்டு. சென்னை ரீஜனோ நீண்ட காலம் வலயங்கள் இல்லாமலேதான் ஓடியது. பக்கத்தில் இருக்கிறதே என்று சென்னையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சரி, இரண்டு நிமிடத்தில் மாற்று சர்வர் எழுந்துவிட்டது. அப்ளிகேஷன் எழுந்ததா? கனெக்‌ஷன் பூலில் இருக்கும் பழைய இணைப்புகள் செத்துப்போனது தெரியாமல் அப்படியே கிடக்கும். ஜாவாவில் எழுதிய மென்பொருள், அமைப்பைப் பொறுத்து, பழைய ஐபி முகவரியை மனப்பாடம் செய்துகொண்டு அங்கேயே தட்டிக்கொண்டிருக்கும். தரவுத்தளம் 90 நொடியில் வந்துவிட, வியாபாரம் 40 நிமிடம் கழித்து யாராவது அப்ளிகேஷன் சர்வரை ரீஸ்டார்ட் செய்த பிறகு வரும். இந்த 40 நிமிடம் எந்த ஒப்பீட்டுத் தாளிலும் இல்லை. இரட்டை சர்வர் இருந்தால் பேக்கப் தேவையில்லை என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன்: தவறான டெலீட்டும் அடுத்த கணமே இரண்டாவது சர்வருக்குப் போய்விடும்.

இங்கே எஸ்எல்ஏ என்ற சேவை உறுதிமொழியைக் காட்டுவார்கள். 99.95 சதவீதம் என்றால் 30 நாள் மாதத்தில் 21.6 நிமிடம் விழலாம். 99.99 என்றால் 4.3 நிமிடம். எண் அழகானதுதான், ஆனால் கீழே உள்ள சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். ஆர்டிஎஸ்ஸின் இரட்டை ஏற்பாட்டுக்கான உறுதிமொழியில், ஒரு நிமிடத்துக்குள் வரும் இணைப்புக் கோரிக்கைகள் அத்தனையும் தோற்றால்தான் அந்த நிமிடம் 'கிடைக்கவில்லை' என்று கணக்காகும். ஆமை வேகத்தில் ஓடினால் அது கணக்கில்லை. 99.95க்குக் கீழே இறங்கி 99 வரை போனால் மாத பில்லில் 10 சதவீதம் கிரெடிட். 99 சதவீதம் என்பது 7 மணி நேரத்துக்கும் மேல். பகல் முழுக்கக் கடை மூடிக் கிடந்ததற்கு வாடகையில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. கிளவுட் எஸ்க்யூஎல்லின் சாதாரண எண்டர்பிரைஸ் பதிப்பில் பராமரிப்புக்காக நிறுத்தும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. விலை கூடிய எண்டர்பிரைஸ் பிளஸ்ஸில்தான் சேரும். ஆக எஸ்எல்ஏ என்பது அவர்கள் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதற்கான ஒப்பந்தம். உங்கள் நஷ்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேகத்தை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். ஆர்டிஎஸ்ஸில் பழைய ஏற்பாடுகள் பலவற்றில் ஜிபி2 என்ற வட்டு வகை இருக்கிறது. ஒரு கிகாபைட்டுக்கு நொடிக்கு 3 படிப்பு-எழுத்து என்பது அதன் அடிப்படை. 100 கிகாபைட் வட்டு என்றால் 300. ஆனால் 3,000 வரை எகிறிப்போக அனுமதி உண்டு. அதற்காக 54 லட்சம் கிரெடிட் கொண்ட ஓர் உண்டியல் தொடக்கத்திலேயே நிரம்பியிருக்கும். 3,000இல் ஓடினால் நொடிக்கு 2,700 கிரெடிட் கரையும். 2,000 நொடியில், அதாவது 33 நிமிடத்தில், உண்டியல் காலி. அதன்பின் வேகம் பத்தில் ஒன்றாக விழும். புதிதாக சர்வர் எழுப்பி, அரை மணி நேரம் சுமை ஏற்றிப் பார்த்து, பிரமாதம் என்று அறிக்கை எழுதுகிறவர் அளந்தது உண்டியலைத்தான். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கும் சரக்குக் கணக்கும் ஒன்றாக இரண்டு மணி நேரம் ஓடும்போது உண்மை தெரியும். பின்னால் வந்த ஜிபி3 வட்டில் 3,000 என்பதே அடிப்படை, உண்டியல் கிடையாது. இரண்டு சேவைகளின் வேகத்தை ஒப்பிட வேண்டுமானால் அரை மணி நேரம் போதாது. உங்கள் மாதக் கடைசி எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பெஞ்ச்மார்க் படங்களை நான் பார்ப்பதேயில்லை.

விலைப்பட்டியலில் யாரும் தேடாத செலவு, வெர்ஷன் பழசாவது. மைஎஸ்க்யூஎல் 5.7க்கான வழக்கமான ஆதரவை ஆர்டிஎஸ் 2024 பிப்ரவரி 29இல் முடித்தது. அப்கிரேட் செய்யாமல் விட்டவர்களின் சர்வர்கள் தாமாகவே கட்டண ஆதரவுத் திட்டத்துக்குள் போயின. வர்ஜீனியா ரீஜனின் கட்டணப்படி ஒரு விசிபியுவுக்கு மணிக்கு 0.10 டாலர். 8 விசிபியு சர்வருக்கு மாதம் 584 டாலர், இரட்டையாக வைத்திருந்தால் அதுபோல் இன்னொரு மடங்கு; மூன்றாம் ஆண்டில் விகிதமும் இரட்டிப்பு. பேட்ச் போடுவதை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் பெரிய வெர்ஷன் மாறும்போது உங்கள் மென்பொருள் அதில் ஓடுமா என்று சோதிக்க வேண்டியது நீங்கள்தான். சேவையே ஓய்வுபெறுவதும் உண்டு. அஷ்யூர் தன் போஸ்ட்கிரெஸ் சிங்கிள் சர்வரை 2025 மார்ச்சில் மூடி, எல்லோரையும் ஃபிளெக்ஸிபிள் சர்வருக்கு நகரச் சொன்னது. அந்த நகர்வும் வாடிக்கையாளரின் திட்டத்தில் இல்லாத ஒரு வேலைதான்.

வெளியேறும் செலவு என்றதும் எல்லோரும் தரவை இறக்கும் கட்டணத்தைத்தான் சொல்கிறார்கள். அமேசானின் மும்பை ரீஜனிலிருந்து இணையத்துக்கு இறக்க, கிகாபைட்டுக்குச் சுமார் 11 சென்ட். 2 டெராபைட் தரவுக்கு 220 டாலர் அளவில் வரும். ஒரு நடுத்தர நிறுவனம் இதற்காகவா ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும்? 2024 தொடக்கத்தில் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்டும் மொத்தமாக விட்டுப்போகிறவர்களுக்கு இந்தக் கட்டணத்தையே தள்ளுபடி செய்வதாக அறிவித்தார்கள். கதவுக்குப் பூட்டு அது இல்லை என்று அவர்களுக்கும் தெரியும். பூட்டு நம் மென்பொருளுக்குள் இருக்கிறது. அமேசானின் அரோராவில் தரவைச் சேமிக்கும் அடுக்கு முற்றிலும் வேறு. மூன்று வலயங்களில் ஆறு நகல் வைத்து, அதில் நான்கு ஒப்புக்கொண்டால் எழுத்து முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும் தனி சேமிப்பு முறை. இருந்தும் வெளியே அது போஸ்ட்கிரெஸ் மொழியோ மைஎஸ்க்யூஎல் மொழியோதான் பேசுகிறது. டம்ப் எடுத்து வேறெங்கும் போகலாம். அமேசானின் டைனமோடிபியில் கட்டிய மென்பொருளை அப்படி எடுத்துப்போக முடியாது, அதன் கேள்விகளையெல்லாம் திருப்பி எழுத வேண்டும். அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸும் வைத்துக் கண்டங்களுக்கிடையே நேரத்தைச் சீராக்கும் கூகுளின் ஸ்பேனர் பொறியியல் அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்டம் தாண்டி ஒரே கணக்கை எழுத வேண்டிய தேவை எத்தனை நிறுவனங்களுக்கு இருக்கிறது? நாள் ஒன்றுக்குச் சில ஆயிரம் பில் போடும் வியாபாரத்துக்கு, மூன்றில் எதிலாவது ஒரு சாதாரண போஸ்ட்கிரெஸ், ஒரே ரீஜன், இரண்டு வலயம் போதும். அரோராவுக்குக்கூட, படிக்கும் சுமை ஒரு சர்வரை மீறிய பிறகு போகலாம்.

இவ்வளவு பொறுப்பும் நம்மிடமே இருக்கிறது என்றால் சேவை எதற்கு, சொந்தமாகவே நடத்தலாமே என்ற எதிர்க்கேள்வி நியாயமானது. பேஸ்கேம்ப்பை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனம் 2022 அக்டோபரில் கிளவுடை விட்டு வெளியேறப்போவதாக அறிவித்தபோது, ஆர்டிஎஸ்ஸுக்கும் தேடல் சேவைக்கும் மட்டும் ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுப்பதாகக் கணக்குக் காட்டியது. நம் ஜோஹோ சொந்த டேட்டா சென்டர்களில்தான் ஓடுகிறது. இரண்டும் செல்லுபடியாகும் உதாரணங்கள், ஆனால் இரண்டிலும் சர்வரையும் தரவுத்தளத்தையும் அடிவரை அறிந்த ஆட்கள் ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் இருந்தும் என்ன ஆகும் என்பதற்கு கிட்லேப் நிறுவனம் உதாரணம். 2017 ஜனவரி 31 இரவு, தாமே நடத்திய போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டைரக்டரியை அழித்தார். சுமார் 300 கிகாபைட் 4.5 ஆனது. டம்ப் எடுக்கும் கருவி சர்வரைவிடப் பழைய வெர்ஷன் என்பதால் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதி வைத்ததால் தொழிலில் எல்லோரும் படித்துக்கொண்டோம். நிர்வகிக்கப்படும் சேவையில் இந்த டம்ப் வெர்ஷன் பிரச்சினை வந்திருக்காது. அந்த அளவுக்கு அது கொடுக்கும் காசுக்குத் தகும்.

இதற்கு நேர்மாறான வாதமும் வரும்: இவ்வளவு பெரிய கம்பெனிகள், அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? 2024 மேயில் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுளில் வைத்திருந்த தனிக் கிளவுட் அழிந்துபோனது. அமைக்கும்போது கூகுள் தரப்பில் ஒரு விவரம் காலியாக விடப்பட்டதுதான் காரணம். 6 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களின் கணக்குகள் மீண்டதில், அந்த நிதியம் வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப்புக்கும் பங்கு உண்டு. 2025 அக்டோபரில் வர்ஜீனியாவில் டைனமோடிபியின் முகவரிப் பதிவைப் புதுப்பிக்கும் இரண்டு தானியங்கி வேலைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டதில் பதிவு காலியாகி, அதை நம்பியிருந்த ஏராளமான சேவைகள் நின்றன. இதனால் கிளவுட் கூடாது என்று ஆகாது. ஒரே நேரத்தில் இரண்டு கிளவுடில் ஓட்ட வேண்டும் என்றும் ஆகாது. சிறிய அணிக்கு அது இரண்டு மடங்கு தவறுக்கு வழி. டம்ப் ஒன்று வேறு வாசலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனையும் சோதித்துப் பார்க்கச் சிறு நிறுவனத்துக்கு நேரம் எங்கே என்பார்கள். முழுக்கச் சோதிக்க நேரமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ரீஸ்டோர் ஒன்றை மட்டுமாவது செய்யலாம். தேர்வுக்கு வந்த இரண்டு சேவைகளிலும் உங்கள் உண்மையான அளவுக்குத் தரவை ஏற்றி, ஒரு சனிக்கிழமை காலை 10 மணிக்கு முந்தைய நாள் மாலையின் நிலைக்குத் திரும்பச் சொல்லுங்கள். சர்வர் பச்சை காட்டியது எத்தனை மணிக்கு, அப்ளிகேஷன் புது முகவரியில் இணைந்தது எத்தனை மணிக்கு, மாதக் கடைசி அறிக்கை வழக்கமான வேகத்தில் வந்தது எத்தனை மணிக்கு என்று மூன்று நேரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எக்செல் தாளில் 'உண்டு' என்றிருந்த கட்டத்தை அழித்து இந்த மூன்றையும் எழுதினால் பத்திகள் ஒன்றுபோல் இராது. செலவு, சில மணி நேர சர்வர் வாடகை. வேலை முடிந்ததும் சோதனை சர்வரை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். ஆர்டிஎஸ்ஸில் வெறுமனே நிறுத்தி வைத்தால், ஏழு நாள் கழித்து அது தானே எழுந்துகொள்ளும், மீட்டரும் ஓடத் தொடங்கும்.